இலை காட்டும் குறி

சாளரத்தின் ஓரத்தில் ஒரு சிறு தொட்டி. அதன் விளிம்பை மறைத்து வட்டமாகப் பரந்த இலைகள். அவற்றின் நடுவே ஒரு கொத்து ஊதாப் பூக்கள். ஆப்பிரிக்க வயலட் என்று வழங்கும் செடி இதுவே. பிற பூச்செடிகள் தோட்டத்தில் வெயிலையும் மழையையும் ஏற்று வளர்வன; இஃதோ அறைக்குள்ளேயே வாழ்ந்து அறைக்குள்ளேயே பூப்பது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனி மூடி வெளியே ஒரு பச்சிலையும் காணாத நாள்களில், வீட்டுச் சாளரங்களில் இது பூத்திருக்கக் காணலாம். நம் நாட்டில் நீலகிரி போன்ற தண்ணிய மலையூர்களில் இது நன்கு வளரும். சமவெளியின் கோடையை இதனால் தாங்க இயலாது.

இச்செடியின் அழகில் பூவுக்கு உள்ள பங்கு இலைக்கும் உண்டு. இலை தடித்தது, சாறு நிறைந்தது, மேற்புறமெங்கும் மென்மயிர் செறிந்து, தொட்டால் பட்டுத் துணியைத் தொட்டாற் போன்ற உணர்ச்சியைத் தருவது. தண்டு மிகக் குறுகியது. இலைகளின் அடியில் மறைந்து கிடப்பது. ஆகவே, கண்ணுக்குத் தோன்றும் உடம்பு முழுவதும் இலையே எனலாம். வேருக்குத் துன்பம் வந்தாலும், குருத்துக்குத் துன்பம் வந்தாலும், காற்றிலோ ஒளியிலோ குறை நேர்ந்தாலும் அத்தனையும் இலையின் மீதே வந்து தோன்றும். இலை நோயுற்றது என்பது வேறு. நோய் இலையில் தோன்றியது என்பது வேறு. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியாமல் மருந்திடுவோர் செடியை இழப்பர்.

இதன் துன்பங்களை அறிய வேண்டின், இதன் பிறந்தகத்தை முதலில் அறிதல் நலம். கிழக்கு ஆப்பிரிக்காவில், இக்காலத்துத் தான்சானியா நாட்டின் வடகிழக்கே, உசம்பரா என்னும் மலைத்தொடர் உள்ளது. அப்பகுதி ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த 1892-ஆம் ஆண்டில், வால்ட்டர் ஃபான் செயின்ட் பால் இலேர் என்னும் அதிகாரி இச்செடியைக் கண்டு, ஜெர்மனியில் இருந்த தம் தந்தையார்க்கு அனுப்பினார். தந்தையார் அதனை ஹனோவர் நகரை அடுத்த ஹெரன்ஹௌசன் தோட்டத்தின் தலைவரான ஹெர்மன் வென்ட்லண்டு என்பவரிடம் தந்தார். அவர் 1893-இல், கண்டவர் குடிப்பெயரால் செயின்ட்பாலியா என்று இதற்குப் பெயரிட்டார். பிற்காலத்து ஆய்வாளர் 2015-இல் இதனை ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்னும் பேரினத்துள் அடக்கினர். எனினும் வளர்ப்போர் நாவில் பழைய பெயரே நிற்கிறது. வயலட் என்பதும் பூவின் நிறம் நோக்கி வந்த பெயரே. உண்மையான வயலட்டுக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவு ஒன்றும் இல்லை.

உசம்பரா மலைக்காட்டில் இச்செடி வளரும் இடம் நம் கருத்துக்கு உரியது. ஓங்கிய மரங்களின் நிழலில், பாசி படர்ந்த பாறைகளின் இடுக்குகளில், ஒரு பிடி இலைமக்கைப் பற்றிக்கொண்டு இது வாழ்கிறது. அங்கே ஈரம் உண்டு. ஆனால் நீர் தேங்குவதில்லை. பெய்த நீர் பாறைச் சரிவில் வழிந்து போக, வேர்களைச் சுற்றிக் காற்று உலவும். வெளிச்சம் உண்டு, ஆனால் கொதிக்கும் வெயில் இல்லை. குளிர் உண்டு, ஆனால் நடுக்கும் குளிர் இல்லை. தேயிலைக்கும் உழவுக்குமாக அக்காடுகளின் பெரும்பகுதி வெட்டப்பட்டு, இச்செடியின் காட்டு வகைகளுட் சில இன்று அழியும் நிலையில் உள்ளன. உலகத்துச் சாளரங்களில் எண்ணிறந்தனவாய்ப் பல்கிய ஒரு செடி, தான் பிறந்த பாறையில் இடமின்றித் தவிப்பது வியப்பும் வருத்தமும் தருகிறது. பாறை இடுக்கில் அமைந்த அந்த நிழலும் காற்றும் தேங்காத ஈரமும் நம் வீட்டுத் தொட்டியில் எந்த அளவுக்குக் குறைகின்றனவோ, அந்த அளவுக்கு இலை வாட்டம் காட்டும்.

இதனை யான் நூலில் கற்கவில்லை. ஒரு செடியைக் கெடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் ஒரு தோழியிடம் ஒற்றை இலை பெற்று, நட்டு, ஈராண்டு பேணி வளர்த்த ஆப்பிரிக்க வயலட் ஒன்று கிழக்குச் சாளரத்தில் இருந்தது. மார்கழியில் அவள் ஒரு மாதம் வெளியூர் செல்ல நேர்ந்தது. “அப்பா, மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்” என்று சொல்லிச் சென்றாள். யானோ, தமிழ் கற்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றை ஒன்பது முறை சொல்லிப் பழகியவன். வேண்டிய அளவே ஈதல் எனக்கு வரவில்லை. நாள்தோறும் காலையில், குழாயிலிருந்து நீர் பிடித்து இலைகளின் மேலேயே ஊற்றி வந்தேன்.

ஒரு வாரம் கழியுமுன் இலைகளில் வெளிறிய புள்ளிகள் தோன்றின. சில புள்ளிகள் வளையங்களாகவும் சில கோடுகளாகவும் இருந்தன. நோய் என்று துணிந்து, கடைக்குச் சென்று பூஞ்சணத்தை அழிக்கும் மருந்தொன்றை வாங்கி, நீரில் கரைத்துத் தெளித்தேன். மறுநாள் புள்ளிகள் மிகுந்தன. மருந்தின் அளவையும் மிகுத்தேன். மருந்தைக் கரைத்ததும் அதே குழாய் நீரில் என்பதை அப்போது யான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவை நோயினால் வந்த புள்ளிகள் அல்ல. குளிர்ந்த நீரினால் வந்த வடுக்கள். ஆப்பிரிக்க வயலட்டின் இலைக்கும் அதன்மேல் படும் நீருக்கும் வெப்பத்தில் எட்டுப் பத்து டிகிரி வேறுபாடு இருப்பின் அதுவே போதும். நீர் பட்ட இடம் வெளுத்துவிடும். இதன் காரணத்தை ஜப்பானிய ஆய்வாளர் 2013-இல் விளக்கிக் காட்டினர். இலையின் மேற்றோலுக்குக் கீழே, வேலியில் நட்ட கால்களைப் போல நெருங்கி நிற்கும் செல்கள் உள்ளன. அவற்றை வேலிக்கால் செல்கள் என்பர். ஒவ்வொரு செல்லின் உள்ளும், புளிப்புத் தன்மையுடைய சாறு நிறைந்த ஒரு பை உண்டு. அதற்கு வாக்குவோல் என்று பெயர். இலை படிப்படியாகக் குளிர்ந்தால் தீங்கில்லை. சட்டென்று குளிர்ந்தால் இப்பை சிதைகிறது. உள்ளிருந்த புளிப்புச் சாறு வெளிப்பட்டுப் பசுங்கணிகங்களைக் கெடுக்கிறது. பச்சை நிறம் அழிகிறது. இலையின் மயிர்கள் நீர்த்துளியை ஏந்தி வைத்துக்கொள்வதால், நீர் ஓடிய வழியும் தங்கிய இடமும் அப்படியே இலையில் வரையப்படுகின்றன. என் கையால் நீர் ஊற்றிய வழியைத்தான் அவ்விலைகளில் யான் கண்டேன்.

இவ்வடுவையும் பூஞ்சண நோயையும் எவ்வாறு வேறு பிரிப்பது? பார்த்தவுடன் மருந்தைத் தேடாமல் பத்து நாள் பொறுத்தலே வழி. ஒரு புள்ளியின் எல்லையை நன்கு நினைவில் வைத்துக்கொள்க. ஒரு தாளில் வரைந்து வைத்தல் இன்னும் நன்று. நோய்ப்புள்ளி பரவும், அடுத்த இலைக்குத் தாவும். குளிர்நீர் வடு பரவாது, குறையவும் குறையாது. நீர் படாத இலையிலும் புதிதாய் வரும் தளிரிலும் தோன்றாது. வந்த வடுவை மாற்ற மருந்தில்லை. அவ்விலை முதிர்ந்து உதிரும்வரை அது நிற்கும். நீரை முதல்நாளே பிடித்து அறையில் வைத்திருந்து, அறையின் வெப்பத்தை அது அடைந்தபின் ஊற்றுதலே காப்பு.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தையும் களைதல் வேண்டும். இச்செடியின் இலையில் நீரே படக்கூடாது என்று பலர் சொல்வர். அது மிகை. உசம்பராக் காட்டில் மழை இதன் மேலும் பெய்யத்தானே செய்கிறது? வெதுவெதுப்பான நீரால் இலையைக் கழுவித் தூசு போக்குதல் செடிக்கு நன்மையே. ஈரம் உலரும்வரை வெயில் படாமல் வைத்து, நடுக்குருத்தில் நீர் தங்காமல் துடைத்துவிட்டாற் போதும்.

இரண்டாம் பிழை முதற்பிழையினும் கொடியது. மூன்றாம் வாரத்தில் இலைகள் துவண்டு தொட்டியின் பக்கங்களில் தொங்கின. வாடிய பயிரைக் கண்டால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? மேலும் நீர் ஊற்றினேன். தொட்டியின் கீழிருந்த தட்டு நிரம்பி வழிந்தது. செடி மேலும் துவண்டது. மகள் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்தாள். வெண்மையாய் உறுதியாய் இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பு நிறமாகக் குழைந்து, விரல் பட்டதும் கழன்று வந்தன.

நீரின்றி வாடும் செடியும், நீர் மிகுந்து வாடும் செடியும் கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும். வேருக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். மண்ணின் துளைகளையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு இடமில்லை; வேர் மூச்சின்றி இறக்கும். இறந்த வேரை ஈரத்தில் வாழும் அழுகல் கிருமிகள் பற்றித் தண்டுவரை ஏறும். வேர் இறந்தபின் தொட்டி நிறைய நீர் இருந்தும் இலைக்கு ஒரு துளியும் ஏறாது. வெள்ளத்தின் நடுவே நின்று செடி விடாயால் வாடுகிறது. அதற்கு மேலும் நீர் ஊற்றுவது, கொல்வதற்கு விரைவு கூட்டுவதே ஆகும். ஆதலின் வாடிய இலையைக் கண்டதும் கை குடத்தை நாடலாகாது. மண்ணை நாடுதல் வேண்டும். விரல் நுனியை மண்ணில் அழுத்திப் பார்க்க வேண்டும். தொட்டியைக் கையால் தூக்கிப் பார்த்தலும் நல்ல சோதனை. காய்ந்த தொட்டி இலேசாக இருக்கும். மண் காய்ந்து இலை வாடியிருந்தால் நீர் ஊற்றுக. சில மணி நேரத்தில் இலை நிமிரும். மண் நனைந்திருந்தும் இலை வாடியிருந்தால் நீரை நிறுத்திச் செடியை வெளியே எடுத்து வேரைப் பார்த்தல் வேண்டும். அழுகிய பகுதி சிறிதாயின், அதனை அறவே வெட்டி நீக்கி, வெளிச்சுற்று இலைகளையும் குறைத்து, நீர் தேங்காத புதிய கலவையில் நட்டுப் பிழைப்பிக்கலாம். அழுகல் தண்டின் நடுவரை ஏறியிருந்தால் அச்செடிக்கு உய்வில்லை.

நீர் வார்க்கும் முறை பலவகை. தட்டில் நீர் ஊற்றி, அரைமணி நேரம் மண் உறிஞ்ச விட்டு, எஞ்சியதைக் கொட்டிவிடுதல் ஒன்று. தொட்டியின் அடித்துளை வழியே ஒரு திரியை மண்ணுள் செலுத்தி, அதன் மறுநுனியைக் கீழே உள்ள நீர்க்கலத்தில் தோயவிடுதல் மற்றொன்று. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவது போல அது நீரை ஏற்றும். திரி முறைக்கு மண் மிக இலேசானதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அதுவும் அழுகலிலே முடியும்.

மஞ்சள் நிறத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இலையின் பருவங்களைத் தமிழர் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனப் பெயர் வேறுபடுத்தி வழங்கினர். பழுப்பு என்பது முதுமை, நோயன்று. செடியின் அடிச்சுற்றில் உள்ள மூத்த இலை ஒன்றிரண்டு மஞ்சளானால் கலங்க வேண்டுவதில்லை. அவற்றைப் பக்கவாட்டில் அசைத்துக் கழற்றிவிடலாம். கீழிலைகள் பல ஒருசேர மஞ்சளானால், மண்ணில் தழைச்சத்து குறைந்திருக்கலாம். மேலிலைகளும் சேர்ந்து வெளுத்து, காம்புகள் குறுகி, இலைகள் கீழ்நோக்கி வளைந்து தொட்டியைத் தழுவினால் ஒளி மிகுதி என்று அறிக. காம்புகள் நீண்டு, இலைகள் கைகூப்புவார் போல மேலெழுந்து, பூவின்றி நின்றால் ஒளி போதவில்லை. கிழக்குச் சாளரத்து இளவெயில் இதற்கு ஏற்றது. தொட்டியை வாரந்தோறும் சிறிது திருப்பி வைத்தால் செடி ஒருபுறம் சாயாமல் வட்டமாக வளரும்.

இலை முழுதும் நலமாயிருக்க, காம்பு மட்டும் தொட்டியின் விளிம்பில் படும் இடத்தில் செம்பழுப்பாகிப் புண்பட்டு ஒடிவது உண்டு. இதற்குக் காரணம் பூச்சியும் அன்று, பூஞ்சணமும் அன்று; நாம் இடும் உரமே. சுட்ட மண்தொட்டி நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடுகையில், உரத்தின் உப்பு விளிம்பில் வெண்மையாகப் படிகிறது. மென்காம்பு அதன்மேல் சாய்ந்து கிடந்து வேகிறது. விளிம்பை உருக்கிய மெழுகில் தோய்த்து எடுப்பது வளர்ப்போர் கண்ட பழைய வழி. மாதம் ஒருமுறை மிதமான நீரை மேலிருந்து மிகுதியாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிட்டால், மண்ணில் சேர்ந்த உப்பும் கரைந்து போகும்.

உயிர்ப்பகைகளும் இல்லாமல் இல்லை. இலைமேல் மாவு தூவியது போல் வெண்பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய். காற்றோட்டமில்லாத ஈர அறையில் வருவது. தொட்டிகளை இடைவெளி விட்டு வைத்துக் காற்றுக்கு வழி செய்தல் முதல் மருந்து. காம்பின் கவட்டில் பஞ்சு ஒட்டியது போல் தோன்றுவது மாவுப்பூச்சி. பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து நீக்கலாம். இவற்றைக் காட்டிலும் அஞ்சத்தக்கது சிலந்திப்பேன் வகையுள் ஒன்று. அது மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கே இருப்பதால் வெறுங்கண்ணுக்குத் தோன்றாது. ஆயினும் அதன் செயல் தோன்றும். நடுக்குருத்து விரியாமல் இறுகி, சாம்பல் பூத்து, மயிர் மிகுந்து, தொட்டால் ஒடியும். வெளியிலைகள் நலமாயிருக்க நடுவே மட்டும் இவ்வாறு கண்டால் ஐயுற வேண்டும். கையாலும் ஆடையாலும் அது பிற செடிகளுக்குத் தாவும் ஆதலின், அச்செடியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்திக் கையைக் கழுவுதலே பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. புதிதாக வாங்கிய செடியை ஒரு மாதமேனும் தனியே வைத்திருந்து பார்ப்பதும் இதன்பொருட்டே.

எனவே, நோய் காண்பவன் முதலில் கேட்க வேண்டியவை சில. குறி தோன்றியது அடியிலையிலா, நடுக்குருத்திலா? ஓர் இலையிலா, எல்லா இலைகளிலுமா? அது பரவுகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா? அது தோன்றுவதற்கு முன் நாம் என்ன செய்தோம்? கடைசி வினாவுக்கு மறையாமல் விடை கூறுவது கடினம். யான் மருந்து வாங்கச் சென்ற அன்று, இவ்வினாவை என்னிடம் யாரும் கேட்கவில்லை, யானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளின் செடியில் அழுகல் தண்டை எட்டியிருந்தது. அவள் கத்தியால் தண்டைக் குறுக்கே வெட்டினாள்; உள்ளே பழுப்பு நிறம். இன்னும் மேலே வெட்டினாள், அங்கும் பழுப்பே. பின்பு இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முதிர்ந்தவை துவண்டு போயின, நடுவிலிருந்தவை சிறியன, இடைச்சுற்றில் ஓர் இலை மட்டும், என் குளிர்நீர் வரைந்த வளையத்தோடு, விறைப்பாக இருந்தது. அதன் காம்பைச் சுமார் மூன்று சென்டிமீட்டர் விட்டுச் சாய்வாக அறுத்தாள். மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து ஈரமாக்கி, ஒரு சிறு கிண்ணத்தில் அதனை நட்டு, ஈரம் போகாமல் கண்ணாடிக் குவளையால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தாள். “இதற்கு யார் தண்ணீர் விடுவது?” என்று கேட்டேன். “நீங்கள்தான், ஆனால் நான் சொல்லும்போது” என்றாள்.

ஒரு மாதத்தில் காம்பின் அடியில் வேர் விட்டது. இலையில் மாற்றமொன்றும் தெரியவில்லை. இறந்ததோ என்று நாள்தோறும் குவளையைத் தூக்கிப் பார்ப்பேன். பதினோராம் வாரத்தில், காம்பு மண்ணுள் புகும் இடத்தில், கடுகளவாய்ப் பச்சை நிறம் தெரிந்தது. சில நாள்களில் அது எலிச்செவி போன்ற நான்கு சிறு இலைகளாயிற்று. அருகே மேலும் இரண்டு கன்றுகள் எழுந்தன. வடுப்பட்ட தாயிலையைப் பிரித்தெடுத்துவிட்டு மூன்றையும் தனித்தனித் தொட்டிகளில் நட்டோம். அடுத்த மார்கழியில் அவற்றுள் ஒன்று பூத்தது. அதன் இலைகளில் வடு ஒன்றும் இல்லை.